பயப்படாதே என்று யாரிடம் சொல்கிறோம்?

(சேந்தமங்கலத்தில் இளைஞர்களின் வாசிப்பு வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



'பயமின்றி வாழ்வது எப்படி?' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறீர்கள். இந்தத் தலைப்பில் புத்தகக் கடைகளில் அடுக்கடுக்காகப் புத்தகங்கள் கிடைக்கின்றன. யூடியூபில் தினம் ஒருவர் பேசுகிறார். மூச்சை இழுத்து விடு, கண்ணாடி முன் நின்று பேசிப் பழகு, கெட்ட எண்ணங்களை விரட்டு என்கிறார்கள். வேலைக்கு நேர்காணல் போகிறவர்களுக்கு அது உதவலாம். மேடை ஏறினால் எனக்கும் கை நடுங்கும். நானும் மூச்சை இழுத்து விடுகிறேன், தப்பில்லை. ஆனால் பேருந்தில் பக்கத்து சீட்டுக்காரர் "தம்பி எந்த ஊரு?" என்று கேட்கிறார். சேந்தமங்கலம் என்கிறீர்கள். "சேந்தமங்கலத்துல எந்தப் பக்கம்?" என்று அடுத்த கேள்வி வருகிறது. அந்த இரண்டாவது கேள்வியில் வயிற்றுக்குள் ஏதோ இறுகுகிறதே, அதற்கு எந்த மூச்சுப் பயிற்சி இருக்கிறது?

அந்த இறுக்கம் பிறக்கும்போதே வந்ததில்லை. நம் வீடுகளில் அதைச் சொல்லிக் கொடுத்தார்கள். "பாத்துப் போ." "பாத்துப் பேசு." "நமக்கெதுக்கு வம்பு." என் அம்மா ஒரு நாளைக்கு எத்தனை முறை "பாத்து" என்று சொல்லியிருப்பார் என்று எண்ண முடியாது. எதைப் பார்க்க வேண்டும் என்று மட்டும் ஒருபோதும் சொன்னதில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. டீக்கடை வாசலில் அப்பாவின் தோள் எப்படிக் குறுகுகிறது, யார் வந்தால் குரல் எப்படி இறங்குகிறது என்று குழந்தை பார்த்துக்கொண்டே இருக்கிறது. பிறர் பயப்படுவதைக் கண்டே பயம் கற்க முடியும் என்று உளவியல் சொல்கிறது. நம் சேரிகளில் இதைத் தனியாக ஆய்வு செய்து நிரூபிக்க வேண்டியதில்லை.

அம்மாவைக் குறை சொல்லவில்லை. அவரிடம் இருந்தது மூடநம்பிக்கை இல்லை, தகவல். எங்கே அடி விழும் என்ற தகவல்.

நம் மாவட்டத்தையே எடுத்துக்கொள்வோம். 2015 ஜூன் 23. ஓமலூரைச் சேர்ந்த 21 வயதுப் பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜ், திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோயிலில் தன்னோடு படித்த தோழியிடம் பேசிக்கொண்டிருந்தார். அவர் தலித். அந்தப் பெண் ஆதிக்கச் சாதி. மறுநாள் பள்ளிபாளையம் அருகே ரயில் தண்டவாளத்தில் தலை துண்டிக்கப்பட்ட உடலாகக் கிடந்தார். முதல் குற்றவாளி யுவராஜ் தலைமறைவாக இருந்த மாதங்களில் வாட்ஸ்அப்பில் குரல் பதிவுகள் விட்டார், தொலைக்காட்சிக்குப் பேட்டி கொடுத்தார். போலீஸ் தேடுகிற ஒருவர் தொலைக்காட்சியில் நிதானமாகப் பேசுகிறார். கொலை செய்யப்பட்டது ஒருவர்தான். ஆனால் அந்தப் பேட்டி யாருக்காக என்று நினைக்கிறீர்கள்? வீட்டில் உட்கார்ந்து அதைப் பார்த்த ஒவ்வொரு பையனுக்கும், ஒவ்வொரு பெண்ணுக்கும், "பாத்துப் போ" என்று சொல்கிற ஒவ்வொரு அம்மாவுக்கும்.

அதே செப்டம்பர் 18 அன்று, அந்த வழக்கை விசாரித்து வந்த திருச்செங்கோடு பெண் டி.எஸ்.பி., அவரும் தலித், தன் குடியிருப்பில் இறந்து கிடந்தார். அந்த ஆண்டில் இந்த மாவட்டத்தில் யாராவது பயப்பட்டார்கள் என்றால், அவர்களுடைய மூளை சரியாக வேலை செய்தது என்றுதான் அர்த்தம்.

நாமக்கல் நீதிமன்றத்தில் விசாரணை தொடங்கியது. சாட்சிகள் பிறழ்ந்தார்கள். கடைசியாக அவரோடு இருந்த அந்தத் தோழியும் பிறழ்சாட்சி ஆனார். பிறகு 2022 நவம்பரில் உயர் நீதிமன்றம் அவரை வரவழைத்துக் கோயில் சிசிடிவி காட்சியைப் போட்டுக் காட்டியபோதும், அதில் இருப்பது தான் இல்லை என்றார். நீதிமன்றம் அவமதிப்பு நடவடிக்கை தொடங்கியது. நம் தோழர்கள் பலர் அந்தப் பெண்ணைக் கடுமையாகத் திட்டி எழுதினார்கள். அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. என்றாலும் ஒன்று கேட்கிறேன். கூண்டை விட்டு இறங்கியதும் அவர் எங்கே போக வேண்டும்? அதே வீட்டுக்கு, அதே உறவுக்காரர்களுக்கு நடுவே. உண்மை பேசிவிட்டு வாழ ஓர் இடத்தை அவருக்கு யார் தயார் செய்து வைத்திருந்தோம்? கேமராவுக்கு ஊரும் இல்லை, உறவும் இல்லை. அதனால் அது பிறழவில்லை.

1967இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மேயர் என்ற இரண்டு இளம் ஆய்வாளர்கள் நாய்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். கொடூரமான சோதனைதான். கட்டிப்போட்ட நாய்க்கு மின் அதிர்ச்சி கொடுத்தார்கள். அது என்ன செய்தாலும் அதிர்ச்சி நிற்காது. பிறகு அதே நாயை, சின்னத் தடுப்பைத் தாண்டினால் தப்பிக்கக்கூடிய பெட்டியில் விட்டார்கள். பெரும்பாலான நாய்கள் தாண்டவில்லை. படுத்து முனகின. கூப்பிட்டாலும் அசையவில்லை. கடைசியில் கழுத்தில் கயிற்றைக் கட்டி அந்தப் பக்கம் இழுத்துப் போனார்கள். பல முறை இழுத்த பிறகு நாய் தானாகத் தாண்டக் கற்றுக்கொண்டது. இதற்குக் 'கற்றுக்கொண்ட கையறுநிலை' என்று பெயர் வைத்தார்கள்.

சுவையான பகுதி பிறகுதான் வருகிறது. சுமார் ஐம்பது ஆண்டுகள் கழித்து, 2016இல், அதே இருவரும் மூளை ஆய்வுகளை வைத்துத் தங்கள் கோட்பாட்டைத் தலைகீழாகத் திருத்தினார்கள். நீண்ட துன்பத்தில் உடல் முடங்குவது இயல்பாகவே நடக்கிறது, அதை யாரும் கற்க வேண்டியதில்லை. 'என்னால் இதை மாற்ற முடியும்' என்பதுதான் கற்க வேண்டியது என்றார்கள். செய்து பார்த்து, அது பலித்ததைக் கண்ணால் கண்டு, உடம்பு அதைக் கற்கிறது. "பயப்படாதே" என்று ஆயிரம் முறை சொன்னாலும் அந்தப் பாடம் ஏறாது.

நம்மை நாயோடு ஒப்பிடுகிறானே என்று யாருக்காவது கோபம் வந்தால் அது நியாயம். நம் நிலை அதைவிட மோசம் என்பதுதான் வேறுபாடு. அந்தப் பெட்டியில் மறுபக்கத் தரையில் மின்சாரம் இல்லை. நமக்குத் தடுப்பைத் தாண்டினாலும் அங்கேயும் சுவிட்சில் ஒருவர் கை வைத்திருக்கிறார்.

கோகுல்ராஜின் தாய் சித்ரா என்ன செய்தார் என்று இந்தக் கோணத்தில் பாருங்கள். அவர் பயமே அறியாதவர் என்று கதை கட்ட எனக்கு விருப்பமில்லை. அவர் நீதிமன்றத்தில் மனுப் போட்டார். வழக்கை வேறு ஊருக்கு மாற்றச் சொன்னார், வேறு அரசு வழக்கறிஞர் வேண்டும் என்றார். 2019இல் விசாரணை மதுரை சிறப்பு நீதிமன்றத்துக்குப் போனது. ப.பா.மோகன் சிறப்பு அரசு வழக்கறிஞராக வாதாடினார். 2022 மார்ச்சில் பத்துப் பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது. யுவராஜுக்கு வாழ்நாள் முழுக்கச் சிறை. 2023 ஜூன் 2 அன்று உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. சாட்சிகளிடம் தைரியமாக இருங்கள் என்று சொல்லிக் கிடைத்த வெற்றி இல்லை இது. பயத்தின் முகவரியை, நாமக்கல்லிலிருந்து மதுரைக்கு, மாற்றியதில் கிடைத்தது.

மகாத் குளத்திலும் இதுதான் நடந்தது. பொதுக் குளங்கள் எல்லோருக்கும் உரியவை என்று பம்பாய் சட்டமன்றம் 1923இலேயே தீர்மானம் போட்டது. மகாத் நகராட்சியும் ஏற்றுக்கொண்டது. ஆனாலும் யாரும் போய்த் தண்ணீர் எடுக்க முடியவில்லை. காகிதத்தில் உரிமை இருந்தது. குளக்கரையில் பயம் இருந்தது. 1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானவர்களோடு நடந்து போய்த் தண்ணீரை அள்ளிக் குடித்தார். அன்றே அடி விழுந்தது, தனித்தனியாகச் சிக்கியவர்களைத் தேடித் தேடி அடித்தார்கள். வழக்கு பத்து ஆண்டு நடந்து 1937இல்தான் உயர் நீதிமன்றத்தில் முடிந்தது. அன்று நடந்தவர்கள் யாரும் பயம் நீங்கிவிட்டதா என்று சோதித்துவிட்டுக் கிளம்பவில்லை.

இந்த அறையில் ஆதிக்கச் சாதிகளில் பிறந்த தோழர்களும் இருக்கிறீர்கள். உங்களுக்கும் பயம் உண்டு. சொத்தில் பங்கு போகும், தங்கைக்கு மாப்பிள்ளை வராது, சாவு வீட்டுக்குச் சொந்தம் வராது. பொய்யான பயம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். நீங்கள் இழப்பது பங்கு, அங்கே போவது உயிர். அதனால் முதலில் வாய் திறக்க வேண்டியது நீங்கள். சாலமன் ஆஷ் 1950களில் செய்த சோதனையில், கூட்டம் முழுக்கத் தவறான விடையைச் சொன்னபோது பலர் கண்ணால் கண்டதையே மறுத்தார்கள். ஒரே ஒருவர் சரியான விடையைச் சொன்னபோது, அப்படி மறுப்பது பெருமளவு குறைந்தது. வீட்டு விசேஷத்தில் சாதிப் பெருமை பேசுகிற மாமாவிடம் "அது தப்புங்க மாமா" என்று நீங்கள் சொன்னால், பந்தியில் உட்கார்ந்திருக்கும் அத்தை மகள் ஒருத்தி அதைக் கேட்டுக்கொண்டிருப்பாள்.

இனி வேலைக்கு வருவோம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 15ஏ என்று ஒரு பிரிவு, 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. பாதிக்கப்பட்டவருக்கும் சாட்சிக்கும் பாதுகாப்பு, பயணச் செலவு, வேறு இடத்தில் குடியமர்த்துவது எல்லாம் அதில் உண்டு. சாதி மறுப்புத் திருமணம் செய்கிறவர்களுக்காக மாவட்டந்தோறும் சிறப்புப் பிரிவு, பாதுகாப்பு இல்லம், 24 மணி நேரத் தொலைபேசி எண் பற்றிச் சக்தி வாகினி வழக்கில் 2018 மார்ச் 27 அன்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நாமக்கல் மாவட்டத்தில் அந்த இல்லம் எங்கே இருக்கிறது? எத்தனை பேர் தங்க முடியும்? அந்த எண் என்ன? இரவு இரண்டு மணிக்கு அழைத்தால் யார் எடுப்பார்? 15ஏ பிரிவின்படி எத்தனை சாட்சிகளுக்குப் பயணப்படி கொடுத்தார்கள்?

இவை ஐந்தும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கக்கூடிய கேள்விகள்தான். பத்து ரூபாய் கட்டணம். முப்பது நாளில் பதில் தர வேண்டும். ஒருவர் பெயரில் போட்டால் "யாருடா இவன்" என்று வீட்டுக்கு ஆள் வரக்கூடும், அதனால் பத்துப் பேர் பத்து மனுவாகப் போடுவோம். வெள்ளைத் தாள் கொண்டு வந்திருக்கிறேன். டீ வருவதற்குள் எழுதிவிடலாம், முகவரியை மட்டும் தெளிவாக எழுதுங்கள்.