வள்ளுவர்க்கு முகம் வந்த வரலாறு



குமரிமுனைக் கரையில் நிற்பார்க்குக் கடலிடையே இரண்டு பாறைகள் தோன்றும். ஒன்றன்மேல் 1970-இல் எழுந்த விவேகானந்தர் மண்டபம்; மற்றதன்மேல் 2000 சனவரி முதல் நாளில் திறக்கப்பெற்ற வள்ளுவர் சிலை. கரையில் நிற்கும் சிறுவன் பெயர்ப்பலகை எதனையும் படியாமலே, "அதோ வள்ளுவர்!" என்கின்றான். அவனுக்கு எவர் சொன்னார்? வள்ளுவரைக் கண்டெழுதிய ஓவியமேனும், அவர் காலத்துச் சிலையேனும் தமிழர்க்குக் கிடைத்ததில்லை. ஆயினும் முகம் தெரிகின்றது!

அம்முகம் ஒரே நாளில் வந்ததன்று. குறளில் தோய்ந்த ஆங்கிலேயரும் சென்னை ஆட்சியருமான எல்லிசு, 1819-இல் மறைந்தவர். அவர் தம் பொறுப்பிலிருந்த அக்கசாலையில் வள்ளுவர் உருப் பொறித்த பொற்காசு அடித்தார் என்பதை ஐராவதம் மகாதேவன் எடுத்துக்காட்டினார். அக்காசில் குடையின்கீழ் அமர்ந்திருப்பவர் சமண முனிவரை ஒத்தவர். பின்னாளில் அச்சேறிய படங்களிலோ, அவரே சடைமுடியும் திருநீறும் தாங்கிய சிவனடியார்! நூல் ஒன்றே, அவரவர் கைக்கேற்ற வள்ளுவர் பலர்.

இந்நிலையில்தான் ஓவியர் வேணுகோபால சருமா தூரிகை எடுத்தார். அமர்ந்த கோலம், வெண்ணிற ஆடை, நீண்ட தாடி, வலக்கையில் எழுத்தாணி, இடக்கையில் ஓலை. நெற்றியில் நீறில்லை, நாமமில்லை, கழுத்தில் மணியில்லை. ஓவியர் வரையாது விட்டவையே அவ்வோவியத்தின் உயிர். எச்சமயத்தார் வீட்டிலும் மாட்டத்தக்க படம் அதனால் கிடைத்தது. தொழில் முறையில் நோக்கினும் அதன் திறம் பெரிது: ஒற்றை மையில் அச்சிட்டுக் கோடுகள் மங்கினாலும், தாடியும் எழுத்தாணியும் ஓலையும் மறையா, ஆளை அறியலாம். ஊர்ச்சுவர் ஓவியர் சிலர் அவர்க்கு மற்போர் வீரனின் தோள்களை வழங்கிவிடுவதுண்டு; அப்போதும் அவர் வள்ளுவரே!

1964-இல் தமிழகச் சட்டமன்றத்தில் அப்படத்தைக் குடியரசுத் துணைத்தலைவர் சாகிர் உசேன் திறந்துவைத்தார். 1967-இன் ஆட்சி மாற்றத்திற்குப்பின் அது அரசு அலுவலகந்தோறும் ஏறியது. பேருந்துகளில் குறளும் வந்தது. கல்லாதாரும் நாள்தோறும் காணும் படமாயிற்று.

1956 நவம்பர் 1-இல் போராடித் தாய்த்தமிழகத்தோடு இணைந்த இக்குமரி மாவட்டத்திற்கு அப்புகழுரு கல்லாகி வந்த கதை நெடிது. 1979-இல் மொரார்சி தேசாய் அடிக்கல் நாட்டினார்; சிற்பப்பணி 1990-இல்தான் தொடங்கியது. சிற்பி கணபதி தபதிக்கு வாய்த்த சிக்கல் எளிதன்று. தாளில் அமர்ந்திருப்பவரைக் கடற்காற்றில் நிற்கவைக்க வேண்டும். தொலைவிலிருந்து காண்பார்க்கும் அடையாளம் புலப்பட வேண்டும். மெல்லிய எழுத்தாணி அவ்வளவு தொலைவில் கண்ணுக்கு எட்டுமா? சிலையின் வலக்கையில் அது இல்லை. அறம், பொருள், இன்பம் என மூன்று விரல்களே நிமிர்ந்து நிற்கின்றன. இடுப்பின் சிறு வளைவு தில்லைக் கூத்தனை நினைவூட்டும். பீடம் 38 அடி, அறத்துப்பால் அதிகாரங்களின் எண், உருவம் 95 அடி, ஏனை இருபால்களின் எண், ஆக 133. ஏறத்தாழ 7000 டன் கல். 2004 திசம்பர் 26-இன் ஆழிப்பேரலையிலும் அது அசையவில்லை.

அலை அசைக்காததை வண்ணம் அசைக்கப் பார்த்தது. 2019 நவம்பரில் ஓர் அரசியல் கட்சியின் இணையப் பக்கத்தில் அதே வள்ளுவர் காவியுடுத்தி, நீறு பூசித் தோன்றினார்; தமிழகம் கொதித்தது. 2024-இலும் காவி வள்ளுவர் அழைப்பிதழில் வந்தார். "ஆடையின் நிறத்திற்கா இவ்வளவு பூசல்?" என வினவுவாரும் உளர். அவர்கள் ஒன்றை எண்ணிப்பார்க்க வேண்டும்: சருமா விட்ட வெண்மை, பிறர் நிரப்புதற்கென விட்ட வெற்றிடமன்று, அவர் ஆய்ந்து தீட்டிய நிறம். அதனை மாற்றியவர் படத்தைத் திருத்தவில்லை. சடைமுடிச் சிவனடியார் படங்களின் காலத்திற்கே வள்ளுவரைத் திருப்பியனுப்புகின்றார்.

பாறைமேல் நிற்கும் கருங்கல் வள்ளுவர்க்கு இன்றும் கல்லின் நிறமே. 2024 திசம்பர் 30-இல் திறக்கப்பெற்ற கண்ணாடிப் பாலத்தின் வழியே, விவேகானந்தர் பாறையினின்று நடந்து வருவோர் அந்நிறத்திலேயே அவரைக் காண்கின்றனர்.