காயலின் மேல் கூடிய மாநாடு



கொச்சி அழிமுகத்துக்கு உள்ளே, காயலில், வைப்பின், வல்லார்பாடம், முளவுகாடு எனத் தீவுகள் கிடக்கின்றன. எதிர்க்கரையில் எர்ணாகுளம். அந்தச் சிறிய நீர்ப்பரப்பைப் பற்றி இந்த நினைவுரையில் பேச விரும்புகிறோம். நிலம் யாருக்கு என்ற நம் கேள்வி அங்கே நீரின் மேல் எழுந்தது.

1913இல் கொச்சி சமஸ்தானத்துப் புலையர் மக்கள் சங்கம் அமைக்க முனைந்தார்கள். கூட்டம் போடக் கரையில் ஓரடி மண் கிடைக்கவில்லை. வள்ளங்களில் வந்து, அவற்றை ஒன்றோடொன்று பிணைத்துக் கட்டி, காயலின் மேலேயே கூடினார்கள். கிருஷ்ணாதி ஆசான் முன்னின்றார். வாலர் எனும் மீனவச் சாதியில் பிறந்த பண்டிட் கருப்பன் துணைநின்றார். கொச்சிப் புலையர் மகாசபை அப்படிப் பிறந்தது.

இதை வீரக்கதையாகச் சொல்லிக் கைதட்டுவது எளிது. நமக்கு அது போதாது. தண்ணீர் சாதி பார்க்காது என்று நம்பி அவர்கள் அங்கே போகவில்லை. கிணறும் குளமும் மறுக்கப்பட்ட மக்கள் அவர்கள். காயலுக்கு அன்று பட்டாதாரர் இல்லை, விலையும் இல்லை. ஆகவே அது மிஞ்சியது.

முளவுகாட்டில் 1912இல் பிறந்த தாட்சாயணி வேலாயுதன் அரசியல் நிர்ணய சபையின் ஒரே தலித் பெண் உறுப்பினரானார். காயலில் கூடிய மக்களின் பிள்ளை நாட்டுக்கே சட்டம் வகுக்கும் அவையில் அமர்ந்தார். ஆனால் தீவுகளுக்குக் கோஸ்ரீ பாலங்கள் வர 2004 ஆயிற்று. தீவு மக்கள் நெடுங்காலம் கேட்டுப் பெற்ற பாலங்கள். அவற்றை நாம் குறைசொல்லவில்லை. பணம் வந்த வழியைப் பாருங்கள்: காயலின் ஒரு பகுதியைத் தூர்த்து, நிலமாக்கி விற்றார்கள். நிலமற்றவர்களுக்கு மிஞ்சிய நீரும் விலைநிலமாயிற்று.

2008இல் வல்லார்பாடம் சரக்குப் பெட்டக முனையத்துக்குச் சாலையும் ரயில்பாதையும் போட, மூலம்பிள்ளி முதலான இடங்களிலிருந்து 316 குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. அவர்கள் எல்லோரும் தலித்துகள் அல்லர். ஆனாலும் மாற்றாகக் காட்டிய மனைகளில் பல, வீடு தாங்காத சதுப்பு. உரிமை இல்லாதவருக்குச் சேறும், உரிமை உள்ளவருக்குக் கரையும் என்ற பழைய பங்கீடு மாறவில்லை.

மாணவத் தோழர்களே, எந்த வளர்ச்சித் திட்டத்தை ஆராயப் போனாலும் இரண்டு கேள்விகளோடு போங்கள். அந்த இடத்தில் முன்பு யார் பிழைத்தார்கள்? இன்று பட்டா யார் பெயரில் இருக்கிறது? இவற்றுக்கு விடை கிடைக்கும்வரை 1913இன் மாநாடு முடிந்துவிட்டதாக நாம் எழுத வேண்டாம்.