முறிவு தொடங்கும் இடம்

1842 மே 8ஆம் தேதி, வெர்சாயிலிருந்து பாரிஸுக்குத் திரும்பிக்கொண்டிருந்த ரயிலில் எஞ்சினின் அச்சு ஒன்று முறிந்தது. பெட்டிகள் மோதித் தீப்பற்றி, ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். நாள்தோறும் ஓடிய அச்சு ஏன் திடீரென முறிய வேண்டும்? பிரஷ்ய ரயில்வேயைச் சேர்ந்த ஆகுஸ்ட் வோலர், அச்சுகளைச் சுழற்றி வளைத்து ஆண்டுக்கணக்கில் சோதித்து, 1870 வாக்கில் தெளிவான விடை தந்தார். ஒரே இழுப்பில் முறிப்பதற்கு வேண்டிய விசையைவிட மிகக் குறைந்த விசையே, லட்சக்கணக்கான தடவை வந்து வந்து போனால் எஃகை முறித்துவிடும். இதைத்தான் உலோகச் சோர்வு என்கிறோம். இதைத் தடுக்க வேண்டுமானால், உலோகத்தின் உள்வலிமையைக் கூட்டுவதோடு நிற்காமல் அதன் மேற்பரப்பையும் காக்க வேண்டும் என்பதே என் வாதம்.

காரணம் எளியது. வளையும் அச்சில் இழுவிசை மிகுந்திருப்பது மேற்பரப்பில்தான். கடைசல் பொறி விட்ட கீறல், துருக்குழி, கூர்மையான மூலை எல்லாம் இருப்பதும் அங்கேதான். 1903இல் ஆய்வாளர்களான யூயிங், ஹம்ஃப்ரி இருவரும் இரும்பின் பளபளப்பான முகத்தை நுண்ணோக்கியில் பார்த்தபோது, படிகங்களுக்குள் நுண்ணிய வழுக்குக் கோடுகள் தோன்றி, அவையே விரிசலாக மாறுவதைக் கண்டார்கள். ஸ்பிரிங் செய்பவர்கள் இதற்கு வைத்திருக்கும் மருந்து ஷாட் பீனிங். சின்னஞ்சிறு எஃகுக் குண்டுகளை வேகமாக மேலே பொழிவார்கள். அடிபட்ட மேல்தோல் பரவப் பார்க்கும், உள்ளே இருக்கும் உலோகம் விடாது. அதனால் மேல்தோல் எப்போதும் அமுக்கப்பட்ட நிலையிலேயே இருக்கும். விரிசல் வாய் திறக்க இழுவிசை வேண்டுமல்லவா? வரும் இழுவிசை முதலில் அந்த அமுக்கத்தைத் தீர்த்தாக வேண்டும். உலோகக் கலவை அதேதான், எடையும் கூடவில்லை, ஆயுள் மட்டும் பல மடங்கு நீள்கிறது.

இன்னும் வலுவான கலவையைத் தேடினால் போதாதா என்று கேட்கலாம். ஓரளவு உண்மைதான். எஃகின் சோர்வு வரம்பு, அதாவது எத்தனை தடவை வந்துபோனாலும் அதை முறிக்காத அளவு, அதன் இழுவலிமையில் ஏறக்குறைய பாதி, ஆகவே வலிமை கூடினால் வரம்பும் கூடும். ஆனால் சுமார் 1,400 மெகாபாஸ்கலைத் தாண்டினால் இந்தக் கணக்கு பலிப்பதில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒரு மாசுத்துகளே விரிசலுக்கு வித்தாகிவிடும். அதனால்தான் உயர்தர பேரிங் எஃகை வெற்றிடத்தில் மறுபடி உருக்கித் தூய்மைப்படுத்துகிறார்கள். அலுமினியக் கலவைகளுக்கோ எஃகைப் போன்ற உறுதியான வரம்பே கிடையாது. 1954இல் அலுமினியக் கலவையாலான இரண்டு காமெட் விமானங்கள் வானில் சிதறிய பின், இன்னொரு காமெட்டின் உடலைத் தண்ணீர்த் தொட்டியில் வைத்துத் திரும்பத் திரும்ப அழுத்தம் ஏற்றிச் சோதித்தார்கள். முன்பு பறந்ததையும் சேர்த்து 3,057 பறப்புகளுக்குச் சமமான தடவை அழுத்தம் ஏறி இறங்கியபின் அது கிழிந்தது. உடலில் இருந்த திறப்புகளின் மூலைகளில் இழுவிசை எதிர்பார்த்ததைவிட மிக அதிகம் என்பது அப்போதுதான் உறைத்தது.

அமுக்கப்பட்ட மேல்தோல் ஒரு மில்லிமீட்டரில் சிறு பங்குதானே, சூடுபட்டால் தளர்ந்துவிடுமே என்ற ஆட்சேபம் நியாயமானது. ஜெட் எஞ்சினின் வெப்பமான பாகங்களில் இதை முழுமையாக நம்ப முடியாது. அங்கே காலம் தவறாத சோதனையும், விரிசல் வளரும் வேகத்தைக் கணித்து உரிய நேரத்தில் பாகத்தை மாற்றுவதும் வேண்டும். ஆனால் குளிர்ந்த முன்பக்க விசிறி இதழ்களில் லேசர் அடியால் ஒரு மில்லிமீட்டர் ஆழம்வரை அமுக்கத்தைச் செலுத்துகிறார்கள். செலவு கூடுதல்தான். ஆனால் ஓர் இதழ் முறிந்தால் எஞ்சினே போய்விடக்கூடும் என்னும்போது, அந்தச் செலவு எனக்குப் பெரிதாகப் படவில்லை.