திருவிளக்கின் கணக்கும் நாட்டின் சட்டமும்

(ஆலயத் திருவிழாவையொட்டி நிகழ்த்தப்பெற்ற சமயச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சோழர் காலக் கல்வெட்டுகளில் அடிக்கடி காணப்படும் செய்தி ஒன்று உண்டு. சன்னிதியில் ஒரு நுந்தா விளக்கு எரிய வேண்டுமாயின், அடியார் ஒருவர் 96 ஆடுகளை ஆலயத்திற்கு அளிப்பார். அவற்றைப் பெற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் உழக்கு நெய் அளக்கக் கடமைப்பட்டவர். ஆடு செத்தாலும் கணக்குக் குறையலாகாது என்பதனால் அவை ‘சாவா மூவாப் பேராடு’ எனப்பட்டன. ஒரு விளக்கின் விலை இன்னதென்று கல்லிலேயே வெட்டப்பட்டிருந்தது. புல் விற்று விளக்கேற்றிய கணம்புல்ல நாயனார், புல்லும் தீர்ந்தபோது தம் தலைமுடியையே திரியாக்கினார் என்பது தொண்டர் வரலாறு.

இன்று அந்த விலை எவர் கண்ணுக்கும் தெரிவதில்லை. எங்கோ நிலக்கரியும் எரிவாயுவும் எரிய, இங்கே கோபுரம் விடியும்வரை ஒளிர்கிறது. மறைந்துபோன அவ்விலையை மீண்டும் வழிபாட்டுத் தலத்துக்குள் கொண்டுவந்து, அங்கிருந்து சட்டமன்ற வாசல்வரை எடுத்துச் சென்றவர்கள் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் இருக்கின்றனர். அவர்கள் வேற்றுச் சமயத்தார்தாம்; எனினும் அவர்கள் செய்தது அறியத்தக்கது.

1998ஆம் ஆண்டு அம்மாநிலத்தில் மின்சாரச் சந்தை திறந்துவிடப்பட்டு, நுகர்வோர் தாம் விரும்பும் மின்சாரத்தைத் தேர்ந்தெடுக்க வழி பிறந்தது. சான் பிரான்சிஸ்கோவைச் சேர்ந்த எபிஸ்கோபல் திருச்சபைக் குருவான சாலி பிங்கம் அம்மையார், தேவாலயங்கள் தூய மின்சாரத்தையே வாங்க வேண்டுமெனத் தூண்டினார். விரைவில் யூதர், முஸ்லிம், பௌத்தர் முதலிய பிற சமயத்தாரும் சேர, அவ்வியக்கம் ‘இண்டர்ஃபெய்த் பவர் அண்ட் லைட்’ ஆயிற்று. மின்சார நிறுவனத்தின் பெயர்போல ஒலிப்பது தற்செயலன்று. அந்நாட்டு மின் நிறுவனங்கள் பலவற்றின் பெயரில் ‘பவர் அண்ட் லைட்’ உண்டு.

அவர்கள் முதலில் செய்தது உபதேசமன்று. தத்தம் வழிபாட்டுத் தலத்தின் மின்கணக்கை எடுத்தனர், விளக்குகளை மாற்றினர், வெப்பமும் குளிரும் வீணாகும் இடங்களை அடைத்தனர். ஆனால் பக்தர் எத்தனை பேர் விளக்கை அணைத்தாலும், கடையில் விற்கப்படும் கருவியே மின்சாரத்தை விழுங்குவதாயின் பயன் என்ன? 1970களின் நடுவில் அமெரிக்க இல்லங்களின் குளிர்சாதனப் பெட்டி ஆண்டுக்குச் சுமார் 1,800 யூனிட் உண்டது. கலிபோர்னியா முதலில் தரச்சட்டம் கொண்டுவந்தது. பின்னர் 1987இல் நாடு முழுவதற்கும் சட்டம் வந்தது. 2001ஆம் ஆண்டுத் தரத்தின்படி அதன் செலவு சுமார் 500 யூனிட்டுக்கு இறங்கிற்று. பெட்டியோ முன்னைவிடப் பெரிது! சட்டம் கேட்டதனால் உற்பத்தியாளர் செய்தார். தனி மனிதர் சிக்கனத்தால் வந்ததன்று இது.

ஆகவே அவ்வன்பர்கள் சட்டத்தையும் நாடினர். 2006ஆம் ஆண்டு கலிபோர்னியா சட்டமன்றத்தில் ஏ.பி. 32 எனும் மசோதா வந்தது. 2020க்குள் மாநிலம் வெளியிடும் புகையை 1990ஆம் ஆண்டின் அளவுக்குக் குறைக்க அது கட்டளையிட்டது. சமயத் தலைவர்கள் உறுப்பினர்களைச் சந்தித்து ஆதரவு வேண்டினர். அவ்வாண்டு செப்டம்பர் 27ஆம் நாள் ஆளுநர் ஆர்னால்டு ஸ்வார்ஸ்நெகர் கையொப்பமிட்டார்.

சோதனை 2010இல் வந்தது. அப்போது மாநிலத்தில் வேலையின்மை 12 விழுக்காட்டைத் தாண்டியிருந்தது. அது 5.5 விழுக்காட்டுக்கு இறங்கி ஓராண்டு நிலைக்கும்வரை அச்சட்டத்தை நிறுத்திவைக்க வேண்டுமென ஒரு தீர்மானம் மக்கள் வாக்கெடுப்புக்கு வந்தது. டெக்சாஸ் எண்ணெய் நிறுவனங்கள் அதற்குப் பெரும்பணம் அளித்தன. வேலையிழந்த குடும்பத்தார் வந்து அமரும் அதே வழிபாட்டுக் கூடத்தில், இச்சட்டம் நிற்கட்டும் என்று சொல்வது எளிதா? அவ்வியக்கத்தார் சொன்னார்கள். நவம்பர் வாக்கெடுப்பில் நூற்றுக்கு 61 பேருக்கு மேல் தீர்மானத்தை நிராகரித்தனர். சமயத்தாராலேயே வந்த வெற்றி என்பது மிகை. சுற்றுச்சூழல் அமைப்புகளும் செல்வந்தர்களும் பெரிதும் உழைத்தனர். எனினும் மின்கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு பேசியவரின் சொல்லுக்கு ஒரு மதிப்பு இருந்தது. 1990ஆம் ஆண்டின் அளவை மாநிலம் 2016இலேயே எட்டிவிட்டது.

மலேசியத் திருநாட்டிலும் சட்டம் உண்டு. 2024ஆம் ஆண்டின் எரிசக்தித் திறன், சேமிப்புச் சட்டம் 2025 ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. ஆண்டுக்கு 21,600 கிகாஜூலும் அதற்கு மேலும் செலவிடும் பெரும் பயனீட்டாளர் அதன் பிடிக்குள் வருவர். மின்சாரக் கணக்கில் அது 60 லட்சம் யூனிட். எந்த ஆலயத் திருவிழாவும் அந்த எல்லையை எட்டப்போவதில்லை. அதிகாரி எவரும் மின்பட்டியலைக் கேட்டு இவ்வாலய வாசலில் நிற்கப்போவதுமில்லை. குளிர்சாதனப் பெட்டி, குளிரூட்டி, மின்விசிறி, விளக்கு, தொலைக்காட்சி ஆகியவற்றுக்குக் குறைந்தபட்சத் தரம் 2013 முதலே உண்டு. அத்தரம் உயர உயர, மலிவான பெட்டியை வாங்கிவிட்டு மாதாமாதம் கட்டணத்தில் அழும் ஏழைக் குடும்பத்துக்கே முதல் நன்மை.

ஆலயங்களுக்கு மகஜர் கொடுக்கத் தெரியாதா? நிலத்துக்கும் மானியத்துக்கும் எத்தனை மகஜர்கள் கொடுக்கப்பட்டிருக்கின்றன! வரும் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பொருளாளர் ஒரே வரியில் வாசித்துக் கடக்கும் மின்கட்டணத்தை, மாதவாரியாக அன்பர்கள் கேட்டு வாங்கிப் பார்க்கலாம். அடுத்த திருவிழாவுக்குச் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்கள் வருகையில், மாலை மரியாதைக்குப் பின் அந்தக் கணக்கையும் இணைத்து ஒரு மகஜர் கொடுக்கலாம். இம்முறை மானியம் கேட்டு அல்ல, அந்தக் கருவிகளின் தரத்தை உயர்த்தக் கேட்டு.