ஊக்கியா, குறுக்கியா? ஒரு வேதிப்பொருளுக்குத் தமிழ்ப் பெயர் தேடல்



கலைச்சொல்லாக்கம் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்துள்ளனர். பொதுப்படப் பேசினால் அனைவரும் தலையசைத்துவிட்டு எழுந்து செல்வோம். ஆகவே ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொள்கிறேன். அதன் பெயர் குளோர்மெகுவாட் குளோரைடு. ஜெர்மனி, பிரிட்டன் போன்ற நாடுகளில் கோதுமை, ஓட்ஸ் வயல்களில் தெளிக்கப்படுவது. தமிழில் இத்தகைய பொருள்களையெல்லாம் 'பயிர் வளர்ச்சி ஊக்கி' என்ற ஒரே பட்டியலில் சேர்த்துவிடும் வழக்கம் இருக்கிறது. இப்பொருளோ பயிரின் வளர்ச்சியை ஊக்குவதில்லை; உயரவிடாமல் பிடித்து நிறுத்துகிறது.

விளைச்சலை விரும்பும் உழவர் தம் பயிரை ஏன் குட்டையாக்க வேண்டும்? தொல்காப்பிய மரபியல், வெளியே வயிரம் உடையவற்றைப் புல் என்றும், உள்ளே வயிரம் உடையவற்றை மரம் என்றும் பிரிக்கிறது. நெல்லும் கோதுமையும் புல்லினமே. கோதுமைத் தாள் உள்ளே துளையுடையது. அதன் வலிமை புறத்தில்தான் இருக்கிறது. நைட்ரஜன் உரத்தை மிகுதியாக இட்டால் தாள் நெடிதாக வளரும், கதிரும் கனக்கும். கனத்த கதிரை மெல்லிய தாள் தாங்காது. ஒரு மழையும் காற்றும் போதும், பயிர் தரையில் படிந்துவிடும். படிந்த பயிரில் மணி சரியாக முற்றாது, ஈரத்தில் முளைத்தும் விடும், அறுவடை எந்திரமும் அதனை ஒழுங்காக வாரிக்கொள்ளாது. இதனை நம் உழவர் 'பயிர் சாய்ந்துவிட்டது' என்பர். ஆங்கிலத்தில் இதற்கு 'லாட்ஜிங்' என்று பெயர். அகராதியை மட்டும் நம்பி மொழிபெயர்ப்பவர் கோதுமையை விடுதியில் தங்கவைத்துவிடும் ஆபத்து உண்டு!

இப்பொருளின் செயலை அறிய ஜப்பானிய நெல்வயலுக்குச் செல்லவேண்டும். அங்கே சில நாற்றுகள் பிறவற்றை விட நெடிதாக, வெளிறி வளர்ந்து, விளைச்சல் தராமல் மடியும். உழவர் அந்நோயைப் 'பகானே' என்றனர். 'மூட நாற்று' என்பது பொருள். 1926ஆம் ஆண்டு குரோசாவா என்னும் ஆய்வாளர், ஒரு பூஞ்சை சுரக்கும் பொருளே இதற்குக் காரணம் எனக் காட்டினார். 1935இல் யாபுதா அப்பொருளுக்கு ஜிப்பரெலின் என்று பெயரிட்டார். இது பூஞ்சையின் பெயரிலிருந்து பிறந்தது. அப்பெயரின் மூலமான இலத்தீன் சொல்லுக்குக் 'கூன்' என்று பொருள். நெடிதாக வளர்த்தும் பொருளுக்குக் கூனிலிருந்து பெயர் வந்தது சொற்களின் விளையாட்டு. பின்னர், ஜிப்பரெலின் எல்லாப் பயிர்களிலும் இயல்பாகவே சுரக்கிறது என்பது தெரியவந்தது.

குளோர்மெகுவாட் பயிருக்குள் ஜிப்பரெலின் உருவாவதைத் தொடக்க நிலையிலேயே தடுக்கிறது. 1960இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டால்பர்ட் இதன் செயலை வெளியிட்டார். தாள் நீளத் தொடங்கும் பருவத்தில் தெளித்தால், அடிப்பகுதிக் கணுவிடைகள் குறுகி உறுதிப்படுகின்றன. கதிர் குன்றுவதில்லை, அதைத் தாங்கும் தாள்தான் குறுகுகிறது.

ஜெர்மானியர் இதற்கு வைத்த பெயரை இங்குக் கவனிக்க வேண்டும். அவர்கள் மொழியில் இது 'ஹால்ம்ஃபெர்க்யூர்ட்சர்'. 'ஹால்ம்' தாள், மற்றது குறுக்குவது. நாமும் அவ்வாறே 'தாட்குறுக்கி' எனலாம். குறுகு என்பது தன்வினை, குறுக்கு என்பது பிறவினை, இகர விகுதி சேரக் குறுக்கி. ஊக்கு என்பதிலிருந்து ஊக்கி பிறந்த அதே நெறிதான். மாணவர்களுக்கு இச்சொல் அயலானதும் அன்று. ஐகாரக் குறுக்கம், மகரக் குறுக்கம் என்று வகுப்பில் படிக்கிறீர்கள். அரை மாத்திரை மகரம் கால் மாத்திரையாகும்போது எழுத்து அழிவதில்லை, அளவுதான் குறைகிறது. கோதுமையிலும் அதுவே நிகழ்கிறது. ஓர் இடையூறு உண்டு. இந்நாட்டு மாணவருக்குத் தாள் என்றால் வினாத்தாள்தான் நினைவுக்கு வரும். அதனைக் குறுக்கித் தந்தால் மகிழ்வார்கள் என்பது வேறு!

பெயர் ஏன் இவ்வளவு முக்கியம்? 'குளோர்மெகுவாட்' என்பதில் உள்ள 'குவாட்', நான்கு பிணைப்புடைய நைட்ரஜன் அமைப்பைக் குறிக்கும் துணுக்கு. இதே துணுக்கு 'பாராகுவாட்' என்பதிலும் உண்டு. அது களைக்கொல்லி, ஒரு வாய் விழுங்கினாலே உயிரைக் குடிக்கும் நஞ்சு. மலேசியாவில் 2020 முதல் தடைசெய்யப்பட்டது. அதுவரை நம் தோட்டப்புறங்களில் அதனை முதுகில் சுமந்து தெளித்தவர்களுள் தமிழ்ப் பெண்கள் ஏராளம். அவர்கள் வாயில் அதற்கு வழங்கிய பெயர் என்ன? 'மருந்து'. மருந்தடிக்கப் போகிறேன் என்பார்கள். நோய் தீர்ப்பதன் பெயரை நஞ்சுக்குச் சூட்டினால், கையுறை அணிய வேண்டும் என்ற எண்ணம் எப்படித் தோன்றும்? இதை நான் சொல்நயமாகக் கூறவில்லை. புட்டியின் மேல் உள்ள தமிழ், படிப்பவரின் நுரையீரலைத் தொடுகிறது.

குளோர்மெகுவாட் அத்தகைய கொடிய நஞ்சன்று. எனினும் அதன் எச்சம் தானியத்தில் தங்குவது குறித்து வாதம் நடக்கிறது. அமெரிக்கா நெடுங்காலம் அழகுச் செடிகளுக்கு மட்டுமே அதனை அனுமதித்தது. 2018இல் எச்சமுள்ள ஓட்ஸை இறக்குமதி செய்ய வழிவிட்டது. 2023இல் உள்நாட்டு வயல்களிலும் பயன்படுத்தலாம் என முன்மொழிந்தது. செய்தியில் 'ஊக்கி' என்று படிக்கும் தமிழர் இந்த வாதத்தைப் பாதிதான் புரிந்துகொள்வார்.

இறுதியாக, என் பரிந்துரையையே சோதிக்கும் ஒரு பொருளைச் சொல்கிறேன். எத்திஃபான் எனப்படுவது ஐரோப்பாவில் பார்லி வயலில் தாளைக் குறுக்கப் பயன்படுகிறது. அதே எத்திஃபானை மலேசிய ரப்பர்த் தோட்டங்களில் மரப்பட்டையில் பூசினால் பால் மிகுதியாக வடிகிறது. பார்லிக்குக் குறுக்கி, ரப்பருக்கு ஊக்கி. ஆகவே இவற்றின் இனப்பெயராக 'வளர்ச்சி ஒழுங்குபடுத்தி' என்பதையே பாடநூல்கள் ஆள வேண்டும் என்பது என் கருத்து. நீளமான சொல்தான், ஆனால் பொய் சொல்லாது. ஊக்கி, குறுக்கி என்பவை அந்தந்தப் பயிரில் அது செய்யும் வேலைக்குரிய பெயர்களாக நிற்கட்டும். தனிப்பொருளின் பெயரை மொழிபெயர்க்காமல் எத்திஃபான், குளோர்மெகுவாட் என்று ஒலிபெயர்த்தே எழுதுங்கள். அதனடியில், எந்தப் பயிருக்கு, என்ன செய்ய என்பதை ஒரு வரியில் தமிழில் எழுதுங்கள்.