நாடா மட்டும் கையில்



எல்லாத்துக்கும் மிஷின் வந்துவிட்ட இந்நாளில், நம்ம ஆரணியில் குழித்தறியில் கையாலும் காலாலும் நெய்கிறவரைப் 'பழைய பஞ்சாங்கம்' என்று சொல்லிவிடாதீர்கள். அவர் இயந்திரத்தை வெறுத்தவர் அல்ல. பிரான்சில் 1804-ல் வந்த ஜக்கார்டை ஏற்றுக்கொண்டார். ஓட்டை போட்ட அட்டை எந்தப் பாவு இழையைத் தூக்கணும்னு சொல்லும், புட்டா விழும். (கம்ப்யூட்டர் படிக்கிற தம்பிகளுக்கு அந்த அட்டை தூரத்துச் சொந்தம்!) நாடா ஓட்டுவதை மட்டும் தன் கையிலேயே வைத்துக்கொண்டார். கோர்வைக் கரை என்றால் உடலுக்கு ஒரு நாடா, கரைக்கு வேறு நாடா, அவசரப்பட்டால் ஆகாது.

கரை போட்ட பட்டுப் புடவை போன்ற ரகங்களைக் கைத்தறிக்கே ஒதுக்க 1985-ல் சட்டம் வந்தது. 1993-ல் உச்ச நீதிமன்றமும் அது செல்லும் என்றது. ஆனாலும் விசைத்தறிப் புடவை கைத்தறி என்ற பெயரில் விலைபோகிறது. எளிய வாழ்க்கையை மேடையில் புகழ்வது நமக்குச் சுலபம். கூலி கட்டுபடியாகாத நெசவாளி எத்தனை நாளைக்குத் தறியில் உட்காருவார்?

அடுத்த கல்யாணத்துக்குப் புடவை எடுக்கும்போது முத்திரையைப் பாருங்க. 'சில்க் மார்க்' இருந்தால் அசல் பட்டு, அவ்வளவுதான். கையால் நெய்தது என்பதற்கு 2006-ல் வந்த கைத்தறி முத்திரை தனி. அதையும் கேட்டு வாங்குங்க.