வழி தவறிய நாளங்கள்



சுவாசப்பைகளில் ஒட்சிசனைப் பெற்றுச் செந்நிறமடைந்த குருதி, நான்கு நாளங்களின் வழியாக இருதயத்தின் இடது சோணையறையை அடைவதே இயற்கை. அபூர்வமாகச் சில சிசுக்களில் அந்நான்கும் இடப்புறம் சேராமல், இருதயத்தின் பின்னே ஒன்றுகூடி, வேறொரு நாளத்தின் வழியே வலப்புறம் போய்விடுகின்றன. அங்கே செங்குருதியும் கருங்குருதியும் கலக்கின்றன. உடலெங்கும் குருதியை அனுப்பவேண்டிய இடப்புறத்துக்குச் சுவாசப்பைகளிலிருந்து ஒரு துளியும் வருவதில்லை. அப்படியாயின் பிள்ளை உயிர்வாழ்வது எவ்வாறு? இரு சோணையறைகளுக்கும் இடையிலுள்ள துவாரத்தினால். கலந்த குருதியில் ஒரு பங்கு அதன் வழியே இடப்புறம் செல்கிறது. குறையென்று நாம் சொல்லும் அத்துவாரமே அங்கு உயிர்காக்கும் வாசல்.

ஆகவே துவாரத்தைக் கண்டு அதை மட்டும் அடைத்துவிடுதல் கொலைக்கு ஒப்பாகும். நாளங்கள் கூடுமிடத்தையும் இடது சோணையறையின் பின்சுவரையும் திறந்து, சத்திர வைத்தியர் ஒன்றோடொன்று தைக்கிறார். இப்புதுவழி அமைந்தாலன்றித் துவாரத்தை மூட இயலாது. இத்தனையும் சிறு தேசிக்காய் அளவேயான இருதயத்தில்! விலங்கியல் வகுப்பில் ஆட்டின் இருதயத்தை அறுத்துப் பார்த்த எங்களுக்கு, அச்சுவரில் ஊசி ஏறுவதை எண்ணவே கை நடுங்குகிறது.

இதற்கு இருதயம் சற்று ஓய்ந்திருக்க வேண்டும். 1953 மே 6ஆம் நாள் பிலதெல்பியாவில் ஜோன் கிப்பன், இயந்திரமொன்று இருதயத்தின் வேலையையும் சுவாசப்பையின் வேலையையும் செய்ய, 18 வயது யுவதியின் சோணையறைத் துவாரத்தை மூடினார். அடுத்த ஆண்டு மின்னியாபொலிஸில் லில்லிஹை வேறுவழி கண்டார். பெரும்பாலும் தந்தையையோ தாயையோ அருகிற் கிடத்தி, அவருடைய குருதிச்சுற்றோடு பிள்ளையின் சுற்றை இணைத்தார். 45 பேருக்கு இவ்வாறு செய்தார். ஒரே சிகிச்சையில் இருவர் மடியக்கூடுமென எதிர்த்தோர் பலர். அவர்கள் பக்கத்திலும் நியாயம் உண்டு. துணைக்குக் கிடந்தோர் எவரும் இறக்கவில்லையெனினும், ஒருவர் பெருந்தீங்குற்றார். 1956இல் இந்நாளக் குறையையே முற்றாகச் சீர்செய்த செய்தியை அமெரிக்க வைத்தியர்கள் வெளியிட்டார்கள்.

சில சிசுக்களில் வழிதவறிய நாளம் வயிற்றுக்குள் இறங்கி ஈரலின் நாளத்தோடு சேர்ந்து, இடையில் நெருக்குண்டுவிடுகிறது. குருதி சுவாசப்பைகளிலேயே தேங்குகிறது. இதை மாற்ற மருந்தில்லை. பிறந்த சில மணி நேரத்திலேயே கத்தியை எடுக்க நேரும். நம்மவரிலோ, நீலம் பாரித்த பிள்ளையின் சாதகத்தைத் தூக்கிக்கொண்டு சோதிடர் வீட்டுக்கு நடப்போர் இன்றும் உளர். தாயின் வினையென்று அவளை நோகச் சொல்வோரும் உளர். அவள் என்ன செய்தாள்? கருவின் தொடக்க வாரங்களிலேயே நாளங்கள் திசை தவறிவிடுகின்றன. பிறந்த மறுநாள் பிள்ளையின் பாதத்தில் சிறு ஒளிக்கருவியைப் பொருத்தினால் குருதியிலுள்ள ஒட்சிசனின் அளவு தெரியும். நோவில்லை, சில நிமிட வேலை. எல்லோரையும் அது காட்டிக்கொடுப்பதில்லை. ஆயினும் கண்ணுக்கு நீலம் தெரியுமுன்பே பலரைக் காட்டிக்கொடுக்கிறது.